சாங்தாங் நாடோடிகளை ‘மறைவதற்குள்’ படம் எடுப்பது: எந்த லென்ஸ்?

கேள்வி, 2024 ஏப்ரல் 9

ஜூலை கடைசியில் லடாக் போகிறேன். வயது 24, முதல் பெரிய பயணம். திபெத்தியக் கலாசாரம் இன்னும் பத்து வருடத்தில் இருக்காது என்கிறார்கள். அது மறைவதற்குள், லடாக்கின் கிழக்கே உள்ள உயரமான மேய்ச்சல் மேட்டுநிலமான சாங்தாங்கின் நாடோடிகளைப் படம் பிடித்துவிட வேண்டும். டூரிஸ்ட் கால் படாத கூடாரங்கள் எந்தப் பக்கம் இருக்கும்? 70-200 மட்டும் போதுமா, 24-70ஐயும் தூக்க வேண்டுமா? போனவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 10

24-70 போதும். 70-200ஐ வீட்டில் வைத்துவிட்டுப் போ. கூடாரத்துக்குள் இருட்டாக இருக்கும், 35 எம்.எம். 1.8 ஒன்று கையில் இருந்தால் நல்லது. பேட்டரி நான்கு. ராத்திரி சட்டைக்குள் போட்டுக்கொண்டு தூங்கு, குளிரில் சார்ஜ் இறங்கிவிடும். லேயில் இறங்கிய முதல் இரண்டு நாள் கேமராவைத் தொடாதே, படுத்துக் கிட. லே 3,500 மீட்டர், நீ போகிற இடமெல்லாம் 4,500ஐ ஒட்டியோ அதற்கு மேலோ. தலைவலியோடு எடுத்த படம் கோணலாகத்தான் வரும். அனுபவம்.

டூரிஸ்ட் கால் படாத கூடாரம் என்றால், நீ போய் நின்றதும் பட்டுவிடும்.

ஏப்ரல் 11

நேற்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். விடிகாலை முகூர்த்தம் முடித்துவிட்டு வந்து எழுதியது. நான் ஈரோட்டில் கல்யாண போட்டோ எடுக்கிறவன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கடையில் ஈ ஓட்டுவதற்குப் பதில் மலைக்குப் போவேன். லடாக்குக்கு 2009, 2018 என்று இரண்டு ஆடி. நடுவில் ஒரு ஆடி இமாச்சலத்து ஸ்பிதிக்கு. அவ்வளவுதான் என் தகுதி. வயது 24 என்று எழுதியிருப்பதால் தம்பி என்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

ஏப்ரல் 13

2009இல் நானும் உன்னை மாதிரியேதான் போனேன். ‘மறைவதற்குள்’ என்ற சொல் என் வாயிலும் இருந்தது.

லே–மணாலி சாலையிலிருந்து விலகி உள்ளே போனால் கர்னக் மேய்ச்சல் நிலம். டிரைவர்தான் மொழிபெயர்ப்பாளர். அவரிடம் லடாக்கியும் இந்தியும் இருந்தன, என்னிடம் தமிழும் ‘கித்னா’வும் இருந்தன. சாயங்காலம், வெயில் பொன்னாக இறங்குகிற நேரம். யாக் முடியில் நெய்த கறுப்புக் கூடாரம், ரெபோ என்பார்கள். வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, இடுப்பில் வார் கட்டி, பாவு நூலை முன்னால் நீட்டி, தரையில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். கழுத்தில் பவழமும் டர்க்காய்ஸும். எட்டிப் பார்க்கிற ஒரு ஆடு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கூடாரத்தில் ஒரு சோலார் பேனல் சாய்த்து வைத்திருந்தது. பக்கத்தில் கால்பந்து ஜெர்சி போட்ட ஒரு பையன். இரண்டும் இல்லாமல்தான் என் படம் வந்தது. க்ராப் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? ‘கடைசி நாடோடி’ என்று தலைப்பு வைத்தேன். அடியில் ‘தன் கூடாரத்தைத் தானே நெய்யும் சாங்பா பெண்’ என்று ஒரு வரி. சாங்பா என்றால் சாங்தாங் நாடோடி. உள்ளூர்ப் போட்டி ஒன்றில் முதல் பரிசு. 12x18 போட்டு ஸ்டுடியோ வாசலில் மாட்டினேன். அதைப் பார்த்து மூன்று ஜோடிகள் ப்ரீ-வெட்டிங் ஷூட் லடாக்கில்தான் வேண்டும் என்று வந்தார்கள். ரேட்டைச் சொன்னதும் கொடிவேரியே போதும் என்று போய்விட்டார்கள்.

அந்த ஒரு படத்தில் எத்தனை தப்பு என்று தெரிய எனக்கு ஒன்பது வருடம் ஆயிற்று. மீதி அப்புறம். பிரிண்ட் போடுகிற லேபுக்குப் போக வேண்டும்.

ஏப்ரல் 17

‘திபெத்திய நாடோடி’ என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், ஒருவர் தனியாக எழுதிக் கண்டித்திருக்கிறார். சரிதான். லடாக்கின் சாங்பாக்கள் லடாக்கிகள். அவர்கள் பேசுவது திபெத்திய மொழிக் குடும்பம், கும்பிடுவது திபெத்திய பௌத்தம், குடிப்பது அதே உப்பு வெண்ணெய்த் தேநீர், தின்பது அதே வறுத்த பார்லி மாவு. ஆனால் லடாக் நூற்றாண்டுகளாகத் தனி ராஜ்ஜியம். அதே சாங்தாங்கில், சீன ராணுவம் வந்த பிறகு ஆடுகளை ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டி வந்த திபெத்தியர்களும் மேய்க்கிறார்கள். வெளியூர்க்காரன் கண்ணுக்கு இரண்டு கூடாரமும் ஒன்றாகத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அப்படியில்லை: ஒருவருக்கு அது பாட்டன் பூட்டன் மேய்த்த நிலம், மற்றவருக்கு ஒதுங்கிய இடம். மேய்ச்சலுக்கு யாருக்கு எவ்வளவு என்ற பேச்சே அதிலிருந்துதான் தொடங்கும்.

தஞ்சாவூர்க்காரரைக் காட்டி ‘மலையாளி’ என்று யாராவது படத்துக்குக் கீழே எழுதினால் நாம் சும்மா இருப்போமா?

ஏப்ரல் 21

“அப்படியானால் லடாக் வேண்டாம், திபெத்துக்கே போய்விடலாமா?” என்று கேட்டிருக்கிறாய். நான் லாசா போனதில்லை. விசா தனி, திபெத்துக்கான பெர்மிட் தனி, கூடவே வழிகாட்டி, போட்ட பாதையை விட்டு இறங்கக் கூடாது. நம் ஊர்க்காரர்கள் வழக்கமாகப் போகிற கைலாச யாத்திரையும் 2020இல் நின்றுபோயிற்று.

நான் தயங்குவது வேறு காரணத்துக்காக. அங்கே தலாய் லாமா படம் வைத்திருப்பதே குற்றம். நீ ஒரு வீட்டுக்குள் போய் எடுத்த படத்தின் மூலையில் அப்படி ஒன்று விழுந்து, அதை நீ பெருமையாக நெட்டில் போட்டுவிட்டால், உனக்கு லைக் வரும். அந்த வீட்டுக்கு என்ன வரும் என்று யோசி. லடாக்கில் அந்தக் கவலை இல்லை. நான் நுழைந்த ஒவ்வொரு வீட்டுப் பூஜை மாடத்திலும் அந்தப் படம் கண்ணாடி போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது.

மே 2

“அண்ணன் சொல்வதைப் பார்த்தால் ‘மறைவதற்குள் எடுப்பது’ என்பதே பாவம் போலிருக்கிறதே” என்று ஒரு குத்தல். இல்லை. அப்படிச் சொன்னால் ட்சபராங்கை என்ன செய்வது?

மேற்குத் திபெத்தில் குகே ராஜ்ஜியத்தின் பழைய தலைநகரம் அது. பாழடைந்த கோட்டை, அதற்குள் கோயில்கள். 1948 கடைசியில் ஜெர்மனியில் பிறந்த பௌத்தரான லாமா கோவிந்தாவும் அவர் மனைவி லி கோதமியும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். லி கோதமி பம்பாய்ப் பார்சிக் குடும்பத்துப் பெண், சாந்திநிகேதனில் ஓவியம் படித்தவர். தூரிகைத் தண்ணீர் உறைகிற குளிரில் சுவரோவியங்களைப் பிரதி எடுத்தார், சிலைகளைப் படம் பிடித்தார். அவர்களுக்கு முன்பே 1933இல் இத்தாலிய அறிஞர் துச்சியோடு போன கெர்சியும் படம் எடுத்திருந்தார். அப்புறம் 1966, கலாசாரப் புரட்சி. சிலைகளை உடைத்துப் போட்டார்கள். இன்றைக்கு அந்தச் சிலைகளின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு இருப்பது இந்தப் படங்கள்தான்.

ஆகவே வாபஸ். மறைவதற்குள் எடுத்ததால் பிழைத்த விஷயங்கள் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனி. லி கோதமி ஒரே கோயிலில் வாரக்கணக்காக உட்கார்ந்தவர், எந்தச் சுவர், எந்த உருவம் என்று குறித்தவர். நான் கர்னக்கில் மொத்தம் இருந்தது நாற்பது நிமிடம். அதில் பத்து நிமிடம் தேநீர் குடிக்கப் போயிற்று.

மே 3

வரலாறு பேச ஆரம்பித்துவிட்டேன், நிறுத்த மாட்டேன். லாசாவின் ஆரம்பகாலப் படங்கள் வெள்ளைக்காரன் எடுத்தவை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ரஷ்யாவின் பௌத்த இனங்களைச் சேர்ந்தவர்கள், புரியாத்தியரான சிபிகோவும் கல்மீக்கியரான நோர்சுனோவும், 1900, 1901இலேயே எடுத்துவிட்டார்கள். இருவரும் யாத்திரிகர்களோடு யாத்திரிகராக நுழைந்தவர்கள். ஜப உருளைக்குள் கேமராவை மறைத்துக்கொண்டு சிபிகோவ் படம் எடுத்தார் என்று ஒரு கதையும் உண்டு. 1905 ஜனவரியில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் பக்கம் நிரப்ப மேட்டர் இல்லாமல், கைக்கு வந்த அந்த லாசா படங்களைப் பதினோரு பக்கத்துக்கு அடுக்கினார்கள். பத்திரிகை படங்களாலேயே பேர் வாங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அதாவது தம்பி, ‘தடை செய்யப்பட்ட நகரத்தின் அபூர்வப் படங்கள்’ என்ற வியாபாரம் நமக்குத் தாத்தா வயது.

மே 3, இரவு

இன்னொன்று. 1920–21இல் லாசா போன பிரிட்டிஷ் அதிகாரி சார்லஸ் பெல்லின் பேரில் வழங்கிய படங்களில் பல, அவர் உதவியாளர் ரப்தென் லெப்ச்சா எடுத்தவை. ஆக்ஸ்ஃபோர்டில் பிட் ரிவர்ஸ் மியூசியத்துக்காரர்கள் 1920 முதல் 1950 வரையிலான ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட திபெத்துப் படங்களை நெட்டில் வைத்திருக்கிறார்கள், யார் எடுத்தது, யார் நிற்பது, எந்த இடம் என்று ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து எழுதியிருக்கிறார்கள். ஒரு ராத்திரி முழுக்க அதிலேயே கிடந்தேன். படத்தைவிடக் கீழே உள்ள குறிப்புதான் இழுத்துக்கொண்டு போயிற்று. என் கடையில் நான் எடுக்கிற கல்யாணத்துக்கு எல்லாம் முதலாளியாக என் பேர்தான் போகிறது, கூட வருகிற பையன் பேர் போவதில்லை என்பதும் அந்த ராத்திரிதான் உறைத்தது. இப்போது போடுகிறேன்.

மே 19

வைகாசி முகூர்த்தங்கள் நடுவே ஒரு நாள் ஓய்வு. 2018 கதையை முடித்துவிடுகிறேன்.

பரிசு வாங்கிய அந்தப் படத்தைச் சின்னதாக ஒரு பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அதே அம்மாவைத் தேடிப் போனேன். கூடாரம் இருந்த இடத்தில் கூடாரம் இல்லை. நாடோடி என்றால் அப்படித்தானே என்று நினைத்துச் சிரித்தேன். அங்கிருந்த ஒரு பெரியவர் பிரிண்டைப் பார்த்துவிட்டு, “இவர்களா, லேக்கு இறங்கிவிட்டார்களே” என்றார். சோக்லம்சர் பக்கம் கர்னக்லிங் என்று ஒரு குடியிருப்பு, கர்னக்கிலிருந்து இறங்கியவர்கள் சேர்ந்து கட்டிய வீடுகள். விசாரித்து அரை நாளில் கண்டுபிடித்துவிட்டேன்.

வெண்ணெய்த் தேநீர் வந்தது. படத்தைக் கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்ப்பார், சந்தோஷப்படுவார் என்று கேமராவைத் தயாராக வைத்திருந்தேன். முகத்தை அவர் பார்க்கவே இல்லை. கூடாரத்தைத் தடவினார். விரலால் ஒவ்வொரு பட்டையாகக் காட்டினார். இது அவர் கணவர் நெய்தது. இது மாமனார் நெய்தது, நிறம் மங்கியிருக்கிறது பார். அங்கே இடுப்புத் தறியில் பெண்கள் நெய்வது கம்பளித் துணி. கூடாரப் பட்டையை ஆண்கள்தான் தரையில் அடித்த தறியில் நெய்வார்கள். நைந்ததை எடுத்துவிட்டுப் புதுப் பட்டையைத் தைத்துச் சேர்த்துக்கொண்டே போவார்கள், கூடாரத்துக்கு ஒரே வயது என்பது கிடையாது. ‘தன் கூடாரத்தைத் தானே நெய்யும் பெண்’ என்று நான் எழுதியது சுத்தப் பொய். ஒன்பது வருடம் என் கடை வாசலில் தொங்கிய பொய்.

அப்புறம் படத்தின் இடது ஓரத்தைக் காட்டி என்னமோ கேட்டார். டிரைவர் இரண்டு தரம் கேட்டுவிட்டு இந்தியில் சொன்னார்: “இது அவன் நிழல். அவன் எங்கே என்று கேட்கிறார்.”

தரையில் ஒரு நீள நிழல். வெயில் சாய்ந்த நேரம் இல்லையா. பரிசு கொடுத்தவர்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஜெர்சி போட்ட பையன், அவர் மகன். ஆள் இல்லாமல் நிழல் மட்டும்.

மே 20

நேற்று எழுதியதில் ஒரு மறைப்பு இருக்கிறது. ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 13 அன்று க்ராப் என்று எழுதியிருந்தேன். சோலார் பேனலைத்தான் க்ராப் செய்தேன். பையனை க்ராப் செய்யவில்லை. கையை ஆட்டி, தள்ளு, இன்னும் தள்ளு என்று நகர்த்தினேன். க்ராப் செய்திருந்தால் மூலப்படத்தில் அவன் இருப்பான், அந்த அம்மாவுக்கு ஒரு பிரிண்ட் போட்டு அனுப்பியிருக்கலாம். ஹார்ட் டிஸ்க் முழுக்கத் தேடிவிட்டேன், அந்தச் சாயங்காலம் எடுத்த 63 படத்தில் ஒன்றில்கூட அவன் இல்லை. நல்லாத்தான் வேலை பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மா அப்போதே மகனுக்குப் போன் போட்டார். லேயில் டாக்ஸி ஓட்டுகிறான். ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது. டிரைவர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: “நகரச் சொன்ன ஆளா?”

இருபத்து மூன்று வயதுப் பையனுக்குப் பதினான்கு வயதில் நடந்தது ஞாபகம் இருக்கிறது.

கல்யாண வீட்டில் ஒரு பெரியப்பாவைக் குடும்ப ஃபோட்டோவில் விட்டுவிட்டால் ஆல்பம் கொடுக்கிற அன்றைக்கு என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கறை படிந்த வேட்டியோடு நின்றாலும் சரி, குடித்திருந்தாலும் சரி, அவரை இழுத்து நிறுத்திவிட்டுத்தான் ஷட்டரை அமுக்குவேன். ஈரோட்டில் தெரிந்த தொழில் கர்னக்கில் மறந்துவிட்டது.

ஜூன் 6

“அவர்கள் ஏன் இறங்கினார்கள்? சீனாவா, பருவநிலையா?” நீ கேட்டது ஒரு வரியில். பதில் ஒரு வரியில் வராது.

அந்த அம்மா சொன்னது குளிர்காலத்தை. மைனஸ் முப்பது. ஆட்டுக்குட்டிகளைக் காப்பாற்ற ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும். 2013 தொடக்கத்தில் கொட்டிய பனியில் சாங்தாங்கில் ஆயிரக்கணக்கில் ஆடுகள் செத்தன. ஓநாய் வேறு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டால் மேய்க்க ஆள் இல்லை. பூகாவில் நாடோடிப் பிள்ளைகளுக்கென்றே உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. படித்த பிள்ளை திரும்பி வந்து ஆட்டின் பின்னால் நடக்குமா? நாம் நடப்போமா? முட்டி வலிக்கு டாக்டர் வேண்டும் என்றால் ஒரு நாள் பயணம். அந்தப் பக்கம் 1962க்குப் பிறகு எல்லை இறுகியதில் பழைய மேய்ச்சல் வழிகளும் சில போயின. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துதான் ஒரு குடும்பம் கூடாரத்தைச் சுருட்டுகிறது.

பஷ்மினா விற்கிற விலையைப் பார்த்துவிட்டு அவர்கள் பணக்காரர்கள் என்று நினைக்காதே. ஓர் ஆட்டைக் கோடைத் தொடக்கத்தில் சீப்பால் வாரினால் கால் கிலோ கிடைக்கும். அதில் மட்ட மயிரைப் பிரித்து எடுத்தால் இன்னும் குறையும். டெல்லியில் சால்வையாக மடித்து வைத்திருக்கும்போதுதான் அது பணம்.

இதில் எதைப் படம் எடுப்பாய்? முட்டி வலியையா? ராத்திரி விழித்திருப்பதையா? குளிர்காலத்தில் நானும் போனதில்லை, நீயும் போகப்போவதில்லை. நம் எல்லார் படத்திலும் சாங்தாங்கில் வருடம் முழுக்க ஆடி மாதம்தான். ஆனால் அங்கே வாழ்க்கையை முடிவு செய்வது தை மாதம்.

ஜூன் 8

“மறைகிறது மறைகிறது” என்று நானும் சேர்ந்து ஒப்பாரி வைத்துவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. பைலகுப்பைக்குப் போயிருக்கிறாயா? மைசூரிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாது. 1961இல் திபெத்திய அகதிகளுக்குக் காடு திருத்திக் கொடுத்த இடம். மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே செரா மடாலயம் திரும்ப எழுந்திருக்கிறது. லாசா பக்கத்தில் இருந்த அதே பெயர், அதே பாடத்திட்டம், மதியம் முற்றத்தில் கைதட்டிக் கைதட்டி வாதம். டி-ஷர்ட்டோடு வெயிலில் வியர்த்துக்கொண்டு பார்த்தேன். மலை இல்லை, பனி இல்லை, யாக் இல்லை. படத்தில் பார்த்தால் ‘திபெத்’ மாதிரியே இருக்காது. அதனால்தான் யாரும் பரிசுக்கு அனுப்புவதில்லை.

அப்புறம் குளிர்காலத்தில் நம் ஊர்களுக்கு வந்து ஸ்வெட்டர் விற்கிற திபெத்தியர்கள். சின்ன வயதில் அதெல்லாம் இமயமலையில் நெய்தது என்று நம்பி ஒன்று வாங்கினேன். லூதியானா சரக்கு. விற்ற அக்காவே சொல்லிச் சிரித்தார்.

ஜூன் 9

ஸ்பிதி பற்றிக் கேட்டவருக்கு: தாபோவில் கோயிலுக்குள் கேமரா கூடாது. 996இல் எழுந்த கோயில். முதலில் எரிச்சலாக இருந்தது. வேறு வழியில்லாமல் இருட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சுவர்களையே பார்த்தேன். அந்தப் பயணத்தில் எடுத்த 1,400 படத்தில் எதுவும் இப்போது சட்டென்று நினைவுக்கு வரவில்லை, அந்தச் சுவரின் நீலம் வருகிறது.

ஜூன் 23

நடைமுறைக்கு வருவோம். எடுத்தால் பிரிண்ட் கொடு. லேயில் பிரிண்ட் போடும் கடைகள் உண்டு. திரும்பி வரும் வழியில் போட்டு, டிரைவரிடம் கொடுத்துவிட்டால் அடுத்த சவாரியில் சேர்த்துவிடுவார். ‘அனுப்புகிறேன்’ என்று வாக்குக் கொடுக்காதே. அவர்கள் அந்த வாக்கை நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறார்கள்.

காசு கேட்டால்? குழந்தைகளுக்குக் கொடுக்காதே. பெரியவர்கள் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடு. நான் முகூர்த்தத்துக்குக் காசு வாங்குகிறேன், அவர்கள் முகத்துக்கு வாங்கக் கூடாதா?

பெயர் கேட்டு எழுது. ஊர், தேதி, கையில் இருப்பது என்ன, யார் செய்தது. தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடு, என்னை மாதிரி அடித்துவிடாதே.

மடாலயத் திருவிழாவுக்குப் போனால், பிக்குகள் சாம் என்கிற முகமூடி நடனம் ஆடுகிற முற்றத்துக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு எடுக்காதே. ஒருவர் எடுத்தார். முகமூடி போட்ட பிக்குவுக்குக் கீழே பார்வை தெரியாது, கிட்டத்தட்ட மிதித்திருப்பார்.

ஜூன் 25

நேற்று முன்தினம் ‘பெயரை எழுது’ என்று சட்டம் போட்டேன், இப்போது எனக்கே இடிக்கிறது. ஏப்ரலில் லாசா பற்றி நானே எழுதியிருக்கிறேன், ஒரு படம் ஒரு வீட்டுக்கு என்ன செய்யும் என்று. அங்கே பெயர் எழுதுவது ஆபத்து. லடாக்குக்கு நான் சொன்னது எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. செரிங் வோசெர் என்ற திபெத்திய எழுத்தாளர். அவர் தந்தை சீன ராணுவத்தில் அதிகாரி, 1966 முதல் லாசாவில் கலாசாரப் புரட்சியை எக்கச்சக்கமாகப் படம் எடுத்து வைத்திருந்தார். ஜோகாங் கோயிலைச் சூறையாடியது, பெரியவர்களைத் தெருவில் நிறுத்தி அவமானப்படுத்தியது எல்லாம். அவர் இறந்த பிறகு நெகட்டிவ்கள் மகளுக்கு வந்தன. மகள் அந்தப் படங்களைத் தூக்கிக்கொண்டு எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார். இது யார், அது யார், இந்தக் கையை ஓங்கியிருப்பது யார்? 2006இல் தைவானில் அது புத்தகமாக வந்தது. தந்தை எந்த மனநிலையில் எடுத்தார் என்று மகளுக்கே முழுதாகத் தெரியாது. நாற்பது வருடம் கழித்து ஒருத்தி அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறியதால்தான் அவை சாட்சியாயின.

இதைப் படித்ததும் என் சின்னப் பிரிண்டோடு கர்னக்லிங்கில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. ஒப்பிடவில்லை, ஒப்பிட்டால் அடிப்பார்கள். ஆனால் கூடாரப் பட்டைகள் பற்றி அவர் சொன்னதை அந்தப் பிரிண்டின் பின்பக்கம் அங்கேயே எழுதிக்கொண்டேன், நல்லவேளை. டிரைவர் பாதியை விழுங்கிவிட்டார், மீதி ஆறு வரி இருக்கிறது. என் தொழிலில் நான் எழுதிய உருப்படியான ஆறு வரி.

ஜூலை 14

ஒரு உதவி. 2018இல் கர்னக்லிங்கில் எடுத்த படங்களை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆமாம், ‘வாக்குக் கொடுக்காதே’ என்று எழுதிய அதே ஆள். ஆறு வருடம். ஆல்பம் லேட் என்று என்னிடம் சண்டை போடுகிற மாப்பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டாம். ஒரு கவரில் எட்டு பிரிண்ட் வைத்து உன் முகவரிக்கு கூரியர் போடுகிறேன். வழி, அடையாளம் எல்லாம் உள்ளே எழுதியிருக்கிறேன். அம்மாவைப் பார்த்தால் முதலில் ‘ஜூலே’ சொல்லு.

ஜூலை 16

கூடாரம் ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். யாக் முடிக் கூடாரம் யாக் சுமக்கிற எடை. உன் பைக் சுமக்காது.

ஆகஸ்ட் 13

தம்பி திரும்பிவிட்டான். போனில் ஒரு மணி நேரம். சுருக்கமாக:

மேலே மூன்று கூடாரம் பார்த்தானாம், இரண்டு வெள்ளைத் துணிக் கூடாரம், ஒன்று ரெபோ. ரெபோவுக்குள் ஆள் இல்லை, பாலாடைக் கட்டி காய்ந்துகொண்டிருந்ததாம். அருமையான படம், வெறும் கூடாரமும் புகையோட்டை வழியாக விழும் வெளிச்சமும். 35தான் கைகொடுத்தது என்று ஒத்துக்கொண்டான். ஒரு மோட்டார் சைக்கிள் சீட்டில் குதிரைச் சேணக் கம்பளம் விரித்திருந்ததை எடுத்திருக்கிறான். அதற்காகவே அவனுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுக்கலாம்.

கர்னக்லிங்கில் கவரைக் கொடுத்திருக்கிறான். அம்மா எட்டையும் பார்த்துவிட்டுத் திட்டினாராம். வீட்டு உடுப்பில், தலைகூட வாராமல் எடுத்து வைத்திருக்கிறான் என்று. ஆறு வருடம் கழித்து வந்த விமர்சனம், நியாயமானது. அப்புறம் இவனை உட்கார வைத்துவிட்டு உள்ளே போய், அரை மணி நேரம் கழித்து, டர்க்காய்ஸ் பதித்த பெராக் என்கிற தலையணியை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். மகனுக்குப் போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 15

படம் வந்துவிட்டது. அம்மா பெராக்கோடு, பட்டுக் கரை வைத்த உடுப்பில், நேராகப் பார்த்துக்கொண்டு. பக்கத்தில் மகன், கறுப்புக் கண்ணாடியைச் சட்டையில் மாட்டிக்கொண்டு, ஒரு கையை டாக்ஸி பானெட்டில் வைத்திருக்கிறான். பின்னால் காங்கிரீட் சுவர், தண்ணீர் டேங்க், மாடியில் பிரார்த்தனைக் கொடிகள், காயப்போட்ட ஒரு பெட்ஷீட். போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே தூக்கிப் போடுவார்கள். நம் ஊர் கிரகப்பிரவேசப் படம் மாதிரி இருக்கிறது.

ஃபோகஸ் மகன் மேல் இருக்கிறது, அம்மா அரை இழை சாஃப்ட். அடுத்த தரம் அப்பர்ச்சரை 5.6க்குக் கொண்டு போ.

கீழே தரையில் உன் தொப்பியின் நிழல் விழுந்திருக்கிறது, க்ராப் செய்யட்டுமா என்று கேட்டிருக்கிறாய். செய்யாதே.

ஆகஸ்ட் 17

12x18 மேட் பேப்பரில் மூன்று போடச் சொல்லியிருக்கிறேன். ஒன்று கர்னக்லிங்குக்கு, ஒன்று உனக்கு, ஒன்று கடை வாசலுக்கு. பழைய ஃப்ரேமுக்கு அளவு சரியாக இருக்கிறது, கண்ணாடி மட்டும் மாற்ற வேண்டும். பின்னால் எழுத அம்மாவின் பெராக்கில் எத்தனை வரிசைக் கல் என்று கேட்டாயா, அது யாரிடமிருந்து வந்தது? கேட்கவில்லை என்றால் அந்தப் பையன் நம்பர் உன்னிடம் இருக்கிறதே, கேட்டுச் சொல். லேபுக்கு நானே நேரில் போகிறேன். விட்டால் எல்லார் முகத்தையும் சிவப்பாக்கி வைத்துவிடுவார்கள்.